42ஆம் நாளோடு மூடப்படும் பக்கம்: சிறுவயதுத் தாய்மார்களுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை
அரசுச் செயலாளர், சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை
தமிழ்நாடு அரசு, சென்னை

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் உள்ள ஒரு துணை சுகாதார நிலையத்தில் 29 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் நான் பதிவு செய்த கர்ப்பிணிகளுள் 18 வயது நிறையாதவர்கள் எத்தனை பேர் என்று யாரேனும் கேட்டால், பதிவேட்டில் உள்ளபடி ஒரு எண்ணையும் என் மனமறிய வேறொரு எண்ணையும் சொல்ல வேண்டியிருக்கும். குடும்பத்தார் சொன்ன வயதை, ஆதாரில் இருந்த பிறந்த ஆண்டை, சந்தேகம் இருந்தும் அப்படியே எழுதிய நாள்கள் உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்தோடு வாழ்ந்தவள் என்பதால்தான் இந்த மடலை எழுதும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லும் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆனவர்கள் முந்தைய சுற்றில் 16.3 விழுக்காடாக இருந்து 12.8 ஆகக் குறைந்திருக்கிறார்கள். ஆனால் 15 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில், கணக்கெடுப்பின்போது தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தவர்கள் 5.0 விழுக்காட்டிலிருந்து 6.3 ஆக உயர்ந்திருக்கிறார்கள். முதல் எண் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. இரண்டாவதை அவ்வளவாகக் கேட்பதில்லை. குழந்தைத் திருமணத்தைத் தடுத்து நிறுத்துவதற்கு நமக்கு அலுவலர்களும் உதவி எண்களும் விழிப்புணர்வுப் பேரணிகளும் இருக்கின்றன. தடுக்க முடியாமல் போய், அந்தச் சிறுமியின் வயிற்றில் ஒரு குழந்தையும் வந்த பிறகு, அவளுக்கென்று நம்மிடம் இருப்பது என்ன என்பதே என் கேள்வி.

ஒருத்தியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஊரையும் அடையாளத்தையும் தவிர்த்துவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிப் பரிசோதனை நாளில், ஏழு மாத வயிற்றோடு முதன்முறையாக வந்தாள். வயது 19 என்றார் உடன்வந்த மாமியார். சுவரில் நிறுத்தி அளந்தபோது உயரம் 143 சென்டிமீட்டர்; 145க்குக் குறைந்தாலே சிக்கலான பிரசவம் என்று நாங்கள் குறிப்போம். ஹீமோகுளோபின் 7.2தான், ரத்தசோகை. மாமியார் பெயர் எழுதும் இடத்துக்குப் போன நேரம் பார்த்து, "பத்தாவது எந்த வருஷம் எழுதின கண்ணு?" என்று கேட்டேன். "எழுதலீங்க நர்ஸம்மா, பரீட்சைக்கு முன்னாடியே கல்யாணம் வச்சிட்டாங்க" என்றாள். ஏழு மாதம்வரை ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் பதில் தெரிந்திருக்காது; பதில் தெரிந்தவர் பெயர் எழுதும் மேசையில் நின்றிருந்தார்.

அந்தத் தாமதத்துக்கு நம்முடைய திட்டங்களே ஒரு காரணம் என்று சொன்னால் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 22 வயதுப் பெண் 12 வாரத்துக்குள் வந்து பதிவு செய்தால் அவளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்க வழி பிறக்கிறது. 16 வயதுப் பெண் அதே 12 வாரத்தில் வந்தால் அவளுக்கு அந்த நிதியில் ஒரு காசும் கிடையாது, வீட்டுக்குக் காவல் துறை வரும். முன்னவளை வரவழைக்கும் அதே பதிவேடு பின்னவளை விரட்டுகிறது. ஆகவே பின்னவள் மறைகிறாள். பக்கத்து மாவட்டத்து உறவினர் வீட்டுக்குப் போகிறாள். பெயர் தெரியாத ஸ்கேன் மையத்துக்குப் போகிறாள். வலி எடுத்த பிறகு 108 வண்டியில் வந்து சேர்கிறாள்.

1987இல் 300 ரூபாயோடு தொடங்கிய அந்த நிதியுதவி இன்று 18,000 ரூபாயாக வளர்ந்திருக்கிறது. அதில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகத் தரப்படுகிறது: பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து. இந்தத் திட்டத்தில் சேரத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். சீக்கிரத் திருமணத்தை ஊக்குவித்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அந்த நிபந்தனை வைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் 18,000 ரூபாய் கிடைக்காது என்று கணக்குப் பார்த்து மகளின் திருமணத்தை மூன்றாண்டு தள்ளிவைத்த ஒரு குடும்பத்தையும் என் 29 ஆண்டுகளில் நான் கண்டதில்லை. நான் கண்டதெல்லாம், தன் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண், அந்த வளர்ச்சிக்கு வேண்டியதை வயிற்றுப் பிள்ளையோடு பங்கிட்டுக்கொண்டிருக்கையில், எடையும் ரத்தமும் போதிய அளவு உள்ள பக்கத்து வீட்டு அக்காவின் கையில் பெட்டகம் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத்தான். யாருக்கு இரும்புச்சத்து மிகவும் தேவையோ அவளைச் சட்டப்படி விலக்கி வைத்திருக்கிறோம். சிறுமிகளின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று சென்னை சட்டமன்றத்தில் குரல் கொடுத்த மருத்துவரின் பெயரைத் தாங்கிய திட்டம் அது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

ரொக்கத்தைப் பற்றி அரசுக்குத் தயக்கம் இருந்தால் அதைத் தனியே ஆராயட்டும். பெட்டகத்தை ரொக்கத்திலிருந்து பிரித்து, வயது கேட்காமல், ரத்தசோகை உள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுப்பதற்கு ஒரு வரித் திருத்தம் போதும். அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கும் கர்ப்பிணியிடம் யாரும் வயது கேட்பதில்லை. மருத்துவமனைப் பிரசவத்தை ஊக்குவிக்கப் பணம் தரும் ஜனனி சுரக்ஷா திட்டத்தில் இருந்த வயது நிபந்தனையையும் பிள்ளை எண்ணிக்கை நிபந்தனையையும் மத்திய அரசு 2013இலேயே தளர்த்திவிட்டது. முன்மாதிரி கண்முன்னே இருக்கிறது.

அடுத்து, 18 வயது நிறையாதவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். இதைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை; 14 வயதுச் சிறுமியை 30 வயதுக்காரருக்குக் கட்டிவைத்த வீடுகளுக்குள் போய் வந்தவள் நான். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவு, தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. சட்டம் சொல்வது சரி. தெரிவித்த பிறகு நடப்பதில்தான் எனக்குக் குறை. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது, குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகிறது, மருத்துவப் பரிசோதனை நடக்கிறது, வாக்குமூலம் வாங்குகிறார்கள், கணவன் சிறைக்குப் போகிறான், மாமியார் வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது, தாய் வீட்டார் மானம் போனதென்று அழுகிறார்கள். இத்தனை அலுவலர்கள் அவளைச் சந்தித்துவிட்டுப் போன பிறகும், இன்று காலை இரும்புச்சத்து மாத்திரை போட்டாயா, குழந்தை அசைகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்க யாரும் இல்லை. இளவயதுக் கர்ப்பத்தில் உயர் ரத்த அழுத்தமும் வலிப்பும் வரும் ஆபத்து கூடுதல் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்தார்கள். வழக்கு நாட்குறிப்பில் ரத்த அழுத்தத்துக்குப் பத்தி கிடையாது.

இதற்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு அந்தச் சிறுமிக்கு உடனிருந்து உதவ ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். நடைமுறையில் இந்த உதவி நீதிமன்றப் படிகளைச் சுற்றியே முடிந்துவிடுகிறது. கர்ப்பிணியாக இருக்கும் ஒவ்வொரு சிறுமிக்கும், தகவல் போன அதே நாளில், அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியரையும் ஆதரவு நபரையும் எழுத்துமூலம் இணைத்து, பிரசவமும் அதன்பின் இரண்டாண்டுகளும் அவர்களின் பொறுப்பு என்று இரு துறைகளும் கூட்டாக ஆணையிடலாம். கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29ஆம் நாள் தெளிவுபடுத்தியது. இந்தத் தீர்ப்பு தங்களுக்கு வந்து சேரவில்லை என்று சொன்ன செவிலியர்களை எனக்குத் தெரியும். தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கச் சுற்றறிக்கையாக ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்பினால், போலி மருத்துவரிடம் போய் உயிரை விடும் ஒரு சிலரையாவது காப்பாற்றலாம்.

நான் சொன்ன பெண்ணிடம் திரும்பி வருகிறேன். எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, 1,900 கிராம். அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 நாள் வைத்திருந்து, நன்றாகவே பார்த்து அனுப்பினார்கள். வீடு வந்து மூன்றாம் நாள் நான் போனேன். குழந்தை தூளியில் கிடந்தது. மாமியார் பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். "பால் இல்லீங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் பெண். பால் இருந்தது. காம்பு இரண்டும் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது, வலி தாங்காமல் குழந்தையைப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்திருக்கிறாள். குழந்தையின் முகவாய் மார்பில் படும்படி அணைத்து, காம்பை மட்டும் கொடுக்காமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி வைத்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பிறகு அவளுடைய நைட்டியின் மேல்பொத்தான்களைக் கழற்றி, குழந்தையின் சட்டையையும் அவிழ்த்து, மார்போடு மார்பாகக் கட்டிவைத்து மேலே ஒரு சேலைத் துண்டைச் சுற்றினேன். கங்காரு பராமரிப்பு என்று பயிற்சியில் சொல்வார்கள்; அவளிடம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் குழந்தை தூங்கிப்போனது. "இது மூச்சு விடுறது எனக்குத் தெரியுது நர்ஸம்மா" என்றாள். அந்த வீட்டில் அவள் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

இதற்கெல்லாம் எனக்கு ஆனது அரை மணி நேரம். பெற்றோர்க்கான ஆதரவு என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது, என் அனுபவத்தில், பெரும்பாலும் இந்த அரை மணி நேரம்தான். குழந்தை ஏன் அழுகிறது, பசியா எறும்பா என்று பிரித்தறிவது. கல்லில் உரைத்துக் குழந்தைக்குப் புகட்டும் உரை மருந்தை எவ்வளவு மரியாதையோடு மறுப்பது. ஆறு மாதத்தில் குழைந்த சோற்றையும் பருப்பையும் எந்தப் பதத்தில் ஊட்டுவது. பேச்சு வராத பிள்ளையிடம் ஏன் பேச வேண்டும் என்பது. 25 வயதுப் பெண் இவற்றில் பாதியைப் பார்த்தே கற்றிருப்பாள். 16 வயதுப் பெண்ணுக்கு, தன் அழுகையையும் பிள்ளையின் அழுகையையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு எங்கள் கணக்கில் 42ஆம் நாளோடு முடிந்துவிடும். அதன் பிறகு கணினி பிள்ளையைத்தான் கேட்கும்: 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள், 9 மாதத்தில் தட்டம்மை–ரூபெல்லா, 16 மாதத்துக்கு மேல் ஊக்கத் தவணை. தாயின் பக்கம் மூடிவிடும். நான் சொன்ன பெண் 6ஆம் வாரமும் 10ஆம் வாரமும் 14ஆம் வாரமும் பிள்ளையோடு வந்தாள். ஊசி போட்டு, அட்டையில் எழுதி, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஒன்பதாம் மாதம் பிள்ளையைத் தூக்கி வந்தது மாமியார். மருமகள் எங்கே என்றேன். "அவளுக்கு மசக்கை, அடுத்ததுக்கு மூணு மாசம்" என்றார் சிரித்துக்கொண்டே. அவளுக்கு அப்போது 17 வயது. மூன்று புதன்கிழமைகள் என் எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் அவளைப் பற்றி ஒரு கேள்வியும் நான் கேட்டிருக்கவில்லை. கேட்கச் சொல்லி எந்தப் படிவமும் இல்லை என்பது என் சமாதானம். அந்தச் சமாதானம் எனக்கே போதவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 19 வயதுக்கு உட்பட்ட தாய் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும் ஒவ்வொரு புதன்கிழமையும், ஊசி முடிந்த பிறகு 20 நிமிடம் அவளுக்கென்று ஒதுக்கப்படட்டும். மாமியார் வெளியே பிள்ளையை வைத்திருக்கட்டும். உள்ளே அவள் மட்டும். எடை, ரத்தம், தூக்கம், அழுகை, அடி உதை உண்டா, அடுத்த பிள்ளை எப்போது வேண்டும் என்பதுவரை கேட்டு எழுத ஒரு பக்கம் பதிவேட்டில் இருக்கட்டும். அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் அந்தரா ஊசியும் கருப்பையில் வைக்கும் காப்பர்-டியும் நம்மிடம் இலவசமாகவே உள்ளன. ஆனால் அவற்றைப் பற்றி அவளிடம் தனியாகப் பேசியவர்கள் குறைவு. பிரசவ மேசையிலேயே, கேட்டும் கேட்காமலும், காப்பர்-டி வைத்து அனுப்பிவிட்டால் இலக்கு நிறைவேறும். அப்படி வைக்கப்பட்டதைப் பிறகு அறிந்த பெண் நம் வாசற்படியை மறுபடி மிதிப்பதில்லை. அவளைத் தொடர்ந்து அவள் தங்கையும் மிதிப்பதில்லை.

வீட்டுக்குச் சென்று பார்க்கும் முறையும் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2018இல் வந்த இளம் குழந்தைகளுக்கான வீட்டுவழிக் கவனிப்புத் திட்டத்தின்படி 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் ஆஷா பணியாளர் வீடு தேடி வர வேண்டும். நம் மாநிலத்தில் ஆஷா பணியாளர்கள் மலைப் பகுதிகளிலும் எளிதில் எட்ட முடியாத பகுதிகளிலும்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். சமவெளியில் அந்தச் சுமை செவிலியர் தலையில் விழுகிறது. 5,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது விதி. காலியிடம் இருந்தால் பக்கத்து நிலையத்தையும் அவரே பார்ப்பார், அதற்குமேல் கைக்கணினியில் (டேப்) பதிவேற்றம் (சிக்னல் கிடைக்கும் பாறை எது என்று எங்கள் பகுதிச் செவிலியர்களுக்கெல்லாம் தெரியும்). இந்த நிலையில் புதிதாக ஒரு வேலையைச் சேர்ப்பதானால் பழைய வேலை ஒன்றை எடுத்தாக வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீடு தேடிப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அதே தெருவில் 17 வயதுத் தாயின் வீட்டையும் அவர்கள் தாண்டித்தான் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியும் கூடுதல் படியும் கொடுத்து அந்த வீட்டுக்குள்ளும் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். படி இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

கணவன்மாரை மறந்துவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் அவனும் இருபதைச் சுற்றியவன்தான், ஓசூரிலோ பெங்களூரிலோ கட்டட வேலை. பிள்ளையைத் தூக்கவே பயப்படுவான். தடுப்பூசி நாளில் அவனை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சமூக நலத் துறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. கர்ப்பம் தெரிந்ததும் மாற்றுச் சான்றிதழ் கையில் வந்துவிடுகிறது; கேட்டு வாங்கினார்களா, கொடுத்து அனுப்பினார்களா என்பது பெரும்பாலும் தெரியாது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் கொடுத்து அரசுப் பள்ளி மாணவிகளை உயர்கல்விக்கு அழைத்துச் செல்கிறது. அந்த வாசலுக்கு முன்பே பத்தாம் வகுப்பில் நின்றுபோனவளுக்கு ஒரு படிக்கட்டு வேண்டும். ஜமைக்காவில் 1978இல் கிங்ஸ்டன் நகரில் தொடங்கப்பட்ட மகளிர் மையம் இதைச் செய்து காட்டியிருக்கிறது: கர்ப்பமாகிப் பள்ளியை விட்ட சிறுமிகள் அங்கே பாடங்களைத் தொடர்கிறார்கள், பிள்ளைகள் பக்கத்து அறையில் பராமரிக்கப்படுகிறார்கள், பிரசவத்துக்குப் பிறகு அவர்கள் வழக்கமான பள்ளிக்குத் திரும்புகிறார்கள். 2013இல் அந்த நாடு, தாயான மாணவியைப் பள்ளி மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. நம் அங்கன்வாடிகள் இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளைத்தான் அமர்த்திக்கொள்கின்றன. ஆறு மாதப் பிள்ளையை வைத்துக்கொள்ள ஓர் இடமும் மாலை நேரத்தில் ஓர் ஆசிரியரும் கிடைத்தால், தனித்தேர்வராகவாவது பத்தாவதை எழுதி முடிக்கக் கூடிய பெண்கள் என் பழைய பகுதியில் மட்டும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒன்றியத்துக்கு ஓர் அங்கன்வாடியை இப்படி ஓராண்டு நடத்திப் பார்ப்பதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும் என்பதை அரசு வேலை பார்த்தவள் என்ற முறையில் அறிவேன். ஊட்டச்சத்துப் பெட்டகத்துக்கு வைத்த வயது நிபந்தனையை நீக்குவதற்கு மட்டும் நாள் பிடிக்க வேண்டியதில்லை. அதை முதலில் செய்து தாருங்கள். அடுத்த மானியக் கோரிக்கையின்போது இரு துறைகளும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பில், அந்த ஆண்டு பிரசவித்த 19 வயதுக்கு உட்பட்ட தாய்மார்கள் எத்தனை பேர், அவர்களில் 42 நாளுக்குப் பிறகும் ஒரு செவிலியர் நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் மாவட்டவாரியாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது எண்ணைத் திரட்டப் புறப்படும்போதே, அதை எழுத நம்மிடம் பதிவேடு இல்லை என்பது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியவரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்
தருமபுரி மாவட்டம்